பால்வாடி டீச்சர் எப்படி உருவாகிறார்?

திண்டுக்கல் பக்கத்துச் சின்னாளபட்டியில் ஓர் அங்கன்வாடி. புதிதாகச் சேர்ந்த மூன்று வயதுக் குழந்தை மூன்று வாரமாக வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பாட்டு வேளையில் உதடு அசையவில்லை. பெயர் கேட்டால் தலை குனிகிறது. தட்டு வந்தால் சாப்பிடுகிறது, பாய் விரித்தால் படுத்துக்கொள்கிறது. டீச்சர் இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? வெறும் கூச்சமாக இருக்கலாம். காது மந்தமாக இருக்கலாம். வீட்டில் தம்பி பிறந்து அம்மாவின் மடி கைவிட்டுப் போயிருக்கலாம். அந்த ஊரைப் பொறுத்தவரை இன்னொன்றுக்கும் இடம் உண்டு: வீட்டில் கன்னடம் பேசும் தேவாங்கர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளையாக இருந்து, தமிழ்ப் பாட்டே இன்னும் காதில் ஒட்டாமல் இருக்கலாம். இதே மௌனத்துக்குத் திண்டுக்கல் பேகம்பூரில் உருது காரணமாகலாம். வேடசந்தூர் நூற்பாலைகளை ஒட்டி வாழும் வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் இந்தியோ ஒடியாவோ காரணமாகலாம்.

ஒவ்வொரு காரணத்துக்கும் செய்ய வேண்டியது வேறு. காது மந்தமென்றால் ஒரு மாதம் தாமதிப்பதும் தவறு. மொழிதான் காரணமென்றால் அவசரப்படுத்துவது தவறு. வீட்டு மொழியில் நான்கு சொல்லைக் கற்றுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். எது எது என்று பிரித்தறிவதுதான் பாலர் ஆசிரியரின் தொழில். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பாட்டும் தாளமும் சோறூட்டலும்தான் தெரியும். அவற்றை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். குழந்தையைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் நாளாகிறது. அந்தப் பார்வை எப்படிக் கற்பிக்கப்பட்டது, எங்கே நின்றுபோனது என்பதைத் திண்டுக்கல் வட்டாரத்தை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

சமவெளியிலிருந்து மேற்கே தெரியும் மலையில் தொடங்குகிறேன். மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் சென்னை அடையாறுக்கு வந்தார். அழைத்தது பிரம்மஞான சபை. அங்கே அவர் நடத்திய முதல் பயிற்சி வகுப்பில் ஏறக்குறைய முந்நூறு பேர் சேர்ந்தனர். மறு ஆண்டு ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் ஆங்கில அரசுக்கு எதிரி நாட்டுக் குடிமகளாகிவிட்டார். மகன் மாரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி வைசிராய் அவரை விடுவித்தார் என்பது அந்தக் கதையின் ஓர் இனிய பகுதி. 1942 முதல் 1944 வரை தாயும் மகனும் கொடைக்கானலில் இருந்தனர். இன்றைய திண்டுக்கல் மாவட்டத்துக்குள் அடங்கும் ஊர் அது; அன்று மதுரை மாவட்டம். பல நாட்டுப் பிள்ளைகள், வெவ்வேறு வயதினர், கலந்து பயின்ற ஒரு சிறிய பள்ளி அங்கே உருவானது. இலங்கையிலிருந்து வந்த லீனா விக்ரமரத்னே உதவியாளராக இருந்தார். செடியும் எறும்புப் புற்றும் கல்லும் பாடமாயின. மாண்டிசோரி கல்விமுறையில் பிற்காலத்தில் பிரபஞ்சக் கல்வி என்று வழங்கும் பகுதி முழு வடிவம் பெற்றது இந்த மலையில்தான்.

அவருடைய பயிற்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது கருவிகளைவிட வேறு இரண்டு பழக்கங்கள். ஒன்று ஆல்பம்: ஒவ்வொரு கருவியையும் எப்படிக் குழந்தைக்கு அறிமுகம் செய்வது என்று பயிற்சியாளர் தன் கையாலேயே எழுதி, படம் வரைந்து தொகுக்கும் கட்டு. இன்னொன்று, வகுப்பின் ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, குறுக்கிடாமல், குழந்தை என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் எழுதுவது. மருத்துவராகப் படித்தவர் அவர். நோயாளியின் படுக்கையருகே நின்று கற்ற பழக்கத்தையே 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ குடிசைப் பகுதிக்கு எடுத்துச் சென்றார். அங்கிருந்துதான் அவர் முறை பிறந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கென்று பிறந்த முறை, நம்மூரில் பணம் கட்டுகிறவர்களின் முறையாகிப்போனது. மாண்டிசோரி என்ற பெயரை யாரும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்பதால், உள்ளே ஒரு மர உருளையும் இல்லாமல் ஏ பி சி டி மட்டும் ஓதப்படும் பள்ளிகளும் அந்தப் பெயரில் நடக்கின்றன. 1931 அக்டோபரில் லண்டன் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசிய காந்தி, இந்தப் பயிற்சி வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு நிற்காமல் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

அந்த வேண்டுகோளுக்குப் பக்கத்தில் வந்த முயற்சி மலையடிவாரத்தில்தான் நடந்தது. கஸ்தூர்பா நினைவு அறக்கட்டளையின் தமிழகப் பொறுப்பை ஏற்ற டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். சௌந்தரம் டி.வி.எஸ். நிறுவனரின் மகள், இளம் வயதில் கணவரை இழந்தபின் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தவர், பின்னர் திண்டுக்கல்லின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தவர். காந்திகிராமத்தில் கிராம சேவிகைப் பயிற்சி, காந்தி வகுத்த ஆதாரக் கல்விக்கான ஆசிரியர் பயிற்சி, மருத்துவமனை எல்லாம் ஒரே வளாகத்தில் வளர்ந்தன. 1956-இல் கிராமியக் கல்வி நிலையம் வந்தது. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. பயிற்சி பெறும் பெண் அங்கேயே தங்கி, அங்கேயே சமைத்து, பக்கத்துக் கிராமத்துக்கு நடந்து போய்ப் பிள்ளைகளோடு இருந்து திரும்புவது இந்த ஆதாரக் கல்வி மரபின் வழக்கம். காந்தியின் சேவாகிராமத்தில் ஏழு வயதுக்குட்பட்டவர்களுக்கென்று வகுத்த முன் ஆதாரக் கல்வியில் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, தானியம் புடைப்பது எல்லாமே பாடவேளைதான். அதன் குறை, குழந்தையின் கற்பனை விளையாட்டுக்கு அங்கே இடம் சற்றுக் குறைவு; எல்லாவற்றிலும் ஒரு பயன் இருக்க வேண்டும் என்ற கண்டிப்பு தெரிகிறது. ஆனால் கற்றுக்கொள்கிறவர் பிள்ளைகளோடு வாழ்ந்தாக வேண்டும் என்ற ஏற்பாடு மாண்டிசோரியின் நாற்காலிக்குச் சற்றும் குறைந்ததல்ல. மலையிலும் அடிவாரத்திலும் பயிற்சி என்றால் மாதக்கணக்கு. பக்கத்தில் மூத்தவர் ஒருவர் இருப்பார். கண் முன்னே பிள்ளைகள் இருப்பார்கள்.

எண்ணிக்கை பெருகியபோதுதான் இது மாறியது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு முன்பருவக் குழந்தையின் வளர்ச்சி பற்றி 1972-இல் அறிக்கை தந்தது. உணவு, உடல்நலம், கல்வி மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1975 அக்டோபர் 2-இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் தொடங்கியது. தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் மகாராஷ்டிரப் பழங்குடிக் குடியிருப்புகளின் முற்றங்களில் நடத்திக் காட்டிய அங்கன்வாடி, அரசின் பெயர்ப் பலகையாயிற்று. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, மருத்துவப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்மார்க்கு ஊட்டச்சத்துக் கல்வி என்று ஆறு சேவைகள். ஆறையும் சுமக்க ஒரு பணியாளர், ஓர் உதவியாளர்.

தமிழ்நாடு இதோடு வேறொரு பாதையும் போட்டது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சியைப் பற்றி நம் மாநிலம் கண்டறிந்த மிகச் சிறந்த பாடம் அதில் இருக்கிறது. அதை நாம் சோற்றுக் கணக்கில் மறந்துவிட்டோம். உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980-இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முன்னோட்டமாகத் தொடங்கியது. நத்தத்துக்கு அடுத்த வட்டாரம் அது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்; அதற்கு முன் இந்தச் சமவெளி முழுவதும் மதுரைதான். திட்டத்தின் குறி, ஆறு முதல் முப்பத்தாறு மாதக் குழந்தைகள். மாதம் ஒருமுறை எடை. எடை ஏறாத, அல்லது இறங்கிய குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் இணை உணவு. தேறியதும் நிறுத்தம். எல்லாக் குழந்தைக்கும் எப்போதும் சோறு என்ற வழிக்கு நேர் எதிரானது இது. இதற்கு ஊட்டச்சத்துப் பணியாளர் வரைபடக் கோட்டைப் படிக்க வேண்டும். கோடு இன்னும் ஆபத்துப் பகுதிக்கு வரவில்லை, ஆனால் சாய்கிறது என்பதைக் காண வேண்டும். அந்தச் சாய்வுக்கு வயிற்றுப்போக்கு காரணமா, அம்மா களையெடுக்கப் போய்விட்டதால் பால் நின்றதா என்று வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும்.

இந்த வேலையைச் செய்தவர்கள் பட்டதாரிகள் அல்லர். உள்ளூர்ப் பெண்கள், பெரும்பாலும் தாய்மார்கள். தம் பிள்ளைகளை நன்றாக வளர்த்தவர் என்று ஊர் அறிந்த பெண்ணாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது வழிமுறையாக இருந்தது. தொடக்கப் பயிற்சி நீண்டதல்ல. ஆனால் பத்து மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவர் வந்து பார்த்தது கணக்கை மட்டுமல்ல. கூடவே நின்று எடை பார்த்தார், கூடவே வீட்டுக்குப் போனார். கடும் ஊட்டக்குறைவு குறைந்ததில் திட்டத்துக்குப் பங்குண்டு என்று மதிப்பீடுகள் சொல்லின. எனக்கு அதைவிட வியப்பானது வேறு: அதிகம் படிக்காத ஒரு கிராமத்துப் பெண், நல்ல மருத்துவமனைச் செவிலியருக்கு இணையான கூர்மையுடன் குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியும் என்பது பெரிய சொற்பொழிவுகளின்றி இங்கே நிரூபணமானது. ஆனால் அவர் பார்க்கக் கற்றது ஒரே ஒரு கோட்டைத்தான். குழந்தை என்ன பேசுகிறது, எதை வைத்து விளையாடுகிறது, யாரிடம் ஒட்டுகிறது, எதைப் பார்த்து மிரள்கிறது என்பதற்கு வரைபடம் எதுவும் அவர் கையில் தரப்படவில்லை. எடைக்கு முடிந்தது பேச்சுக்கும் விளையாட்டுக்கும் ஏன் முடியாது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கேட்கும் முன் 1982 வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். அரசின் சத்துணவுத் திட்டம் ஜூலை 1 முதல் ஊர்தோறும் குழந்தைகளுக்கான மையங்களைத் திறந்தது. அது செய்த நன்மையை யாரும் மறுக்க முடியாது. ஆதரவற்ற பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தந்தது தனிப் பெருமை. ஆனால் பன்னிரண்டு மணிக்குச் சோறு என்பது மையத்தின் கடிகாரமாகிவிட்டது. காலை முழுவதும் அதை நோக்கிப் போகும்; பிற்பகல் முழுவதும் அதைக் கழுவித் துடைக்கும். சனங்கள் வாயில் அங்கன்வாடி இன்றும் பால்வாடிதான். உள்ளே இருப்பவர் பால்வாடி டீச்சர், கூட இருப்பவர் ஆயா. சத்துமாவும் முட்டையும் தருகிற இடம் என்ற எண்ணம் தாய்மாரிடம் உறுதி. படிப்புக்கு என்றால் மூன்று வயதிலேயே வேன் ஏற்றிவிடுகிறார்கள். கட்டாயக் கல்விச் சட்டம் தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் இருபத்தைந்து விழுக்காட்டு இடம் தமிழ்நாட்டில் எல்.கே.ஜி.யிலேயே தொடங்குவதும் இதற்கு ஒரு தள்ளுவிசை.

இன்று ஒருவர் அங்கன்வாடிப் பணியில் சேர்ந்தால் என்ன கற்கிறார்? தேசிய அளவில் பணியாளர்களுக்கான அடிப்படைப் பயிற்சி 26 வேலை நாள் என்று வகுக்கப்பட்டது. தொடக்க காலத்தில் அது மூன்று மாதமாக இருந்தது. ஆறு சேவைகளும், 11 பதிவேடுகளும் அந்த 26 நாளுக்குள் அடங்க வேண்டும். பதிவேட்டின் இடத்தை இப்போது பெருமளவு கைபேசிச் செயலி பிடித்திருக்கிறது. 2021-இல் போஷன் டிராக்கர் வந்தது. தமிழ்நாடு தன் பங்குக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்ற பாடத்திட்டத்தை உருவாக்கியது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், அதைச் சுற்றிக் கதை, பாட்டு, விளையாட்டு. படித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல பாடத்திட்டம். குழந்தையின் வயதை மதிக்கிறது, எழுத்தைத் திணிக்கவில்லை. ஆனால் எந்தப் பாடத்திட்டமும் செய்வதைத்தான் சொல்லும். காய்கறி மாதத்தில் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளை தக்காளிப் பெட்டி ஏற்றும் லாரியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், அந்தப் பேச்சை வெட்டிவிட்டுக் கத்தரிக்காய் அட்டைக்குப் போவதா, லாரியிலேயே எண்ணிக்கையைத் தொடங்குவதா என்பது அட்டையில் இருக்காது. லாரியோடு போகத் துணிகிறவர் ஆசிரியராகிவிட்டார் என்பது என் கணக்கு.

அந்தத் துணிவு வர நேரம் வேண்டும். நேரம் என்றால் எவ்வளவு என்பதற்கு நல்ல சான்று தமிழ்நாட்டிலேயே உண்டு. அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் மாநில அரசின் ஒத்துழைப்புடன் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டனர். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் அரைநாள் வேலைக்கு ஒரு கூடுதல் பணியாளர். வேலை, முன்பருவக் கல்வி மட்டும். சம்பளம் முழுநேரப் பணியாளருடையதில் ஏறத்தாழ பாதி. உள்ளூர்ப் பெண்கள், தனிப் பட்டயம் எதுவும் இல்லை. மற்ற மையங்கள் முன்போலவே நடந்தன. கூடுதல் ஆள் வந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டில் அங்கே தொடர்ந்து இருந்த குழந்தைகளின் கணிதத் திறன் 0.29 திட்ட விலக்கமும் மொழித் திறன் 0.46 திட்ட விலக்கமும் கூடுதலாக இருந்தன. கல்வி ஆய்வுகளில் இது பெரிய அளவு. அவர்களிடம் வளர்ச்சிக் குறைவும் குறைந்திருந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு ஊட்டச்சத்து வேலையைச் சரியாகப் பார்க்கக் கை ஒழிந்தது.

இந்த முடிவைக் காட்டிப் பயிற்சியே வேண்டாம், ஆளைக் கூட்டினால் போதும் என்று சொல்ல ஆள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஏறக்குறைய ஒன்றுமே நடக்காத இடத்தில் ஒருவர் இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் முதல் பலன் பெரிதாகத்தான் இருக்கும். அடுத்த படிக்கு ஏற என்ன வேண்டும் என்பதை அந்தச் சோதனை அளக்கவில்லை. ஆனால் வரிசையை அது தெளிவாக்கிவிட்டது: சோற்றுக்கும் செயலிக்கும் நடுவே மூச்சுவிட நேரமில்லாதவருக்கு எத்தனை நாள் பயிற்சி தந்தாலும் அது பயிற்சி அரங்கிலேயே தங்கிவிடும். முதலில் நேரம். பிறகு அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்ற பயிற்சி.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஓர் உதாரணம். அந்த ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டது. உபரியாகக் கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டனர். பலர் எதிர்த்தனர், வழக்குக்குப் போயினர். மதிப்புக் குறைகிறது என்ற மனக்குறை அதில் இருந்திருக்கலாம். ஆனால் சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்க எங்களுக்குப் பயிற்சி இல்லை என்று அவர்கள் சொன்னது உண்மை. ஒன்றாம் வகுப்பில் எழுத்தறிவிக்கக் கற்றவர் மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிப்பார். அந்தக் கைக்கு இன்னும் மணலும் மாவும் புளியங்கொட்டையும்தான் வேண்டும். 2022-இல் அந்த ஆசிரியர்கள் தொடக்கப் பள்ளிகளுக்குத் திரும்பினர். வகுப்புகள் நிற்கும் என்ற பேச்சு எழுந்து, எதிர்ப்புக்குப் பின் தொடரும் என்று அரசு அறிவித்தது. மாதம் ஐயாயிரம் ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க ஆணை வந்தது. ஐயாயிரம் என்பது ஒரு பூ பறிக்கும் கூலிக்காரரின் மாத வருமானத்தோடு வைத்துப் பார்க்க வேண்டிய தொகை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் அதே ஆண்டு ஏப்ரலில்தான். ‘மதிப்பூதியம்’ பெறும் தொண்டர் என்ற பழைய பார்வையை அந்தத் தீர்ப்பு ஏற்கவில்லை.

2020 தேசியக் கல்விக் கொள்கை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ், குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயம் என்கிறது. பெரும்பாலும் தொலைவழியில், கைபேசி வழியாகக்கூட. வீடியோவில் பார்த்துக் கதை சொல்லக் கற்கலாம். ஒரு குழந்தை திடீரென்று கடிக்கத் தொடங்கினால் அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று கவனிக்கும் பழக்கம் வீடியோவில் வராது. பக்கத்தில் இருப்பவர் ‘அங்க பாரு, அவன் கையில இருந்தத இவ பிடுங்குனா’ என்று சொன்னால்தான் வரும்.

நடைமுறையில் இப்படிச் சொல்பவர் யார்? பெரும்பாலான மையங்களில் ஆயாதான். புதிய பணியாளர் வரும்போது மையத்தில் பத்துப் பதினைந்து ஆண்டாக இருப்பவர் அவர். எந்தப் பிள்ளை எந்த வீடு, எந்த அம்மா நிலக்கோட்டைப் பூந்தோட்டத்துக்கு விடியும் முன்பே போய்விடுகிறார், எந்தப் பிள்ளை அதனால் காலையில் வெறும் வயிற்றோடு வருகிறது, எது தாத்தாவிடம் இருந்தால் மட்டும் தூங்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பதவியில் டீச்சர் மேல். அறிவில் முதல் இரண்டு ஆண்டு ஆயா மேல். இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளும் பணியாளர்கள் விரைவில் தேறுகிறார்கள். ஆனால் ஆயாவின் அறிவுக்கு ஓர் எல்லை உண்டு. பிள்ளையின் வீட்டை அவர் அறிவார். நாலு வயதில் வாக்கியம் எப்படி நீள வேண்டும், எந்தத் தாமதத்துக்கு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் மேற்பார்வையாளர். அவருக்கு இருபது இருபத்தைந்து மையங்கள் என்பது திட்ட அளவு. வந்தவுடன் திறப்பது கைபேசியை.

ஊட்டச்சத்துத் திட்டக் காலத்துப் பத்து மையங்களுக்கு ஒருவர் என்ற அளவுக்கு உடனே திரும்பச் செலவாகும். செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. புதிதாகப் பணியில் சேர்பவரை நேரே ஒரு மையத்தில் தனியே உட்கார வைக்காமல், முதல் மாதம் வட்டாரத்திலேயே நன்றாக நடக்கும் ஒரு மையத்தில், மூத்த பணியாளரின் பக்கத்தில், கையில் ஒரு நோட்டோடு அமர்த்தலாம். தினம் ஒரு குழந்தை; காலை முதல் மதியம் வரை அது செய்ததை எழுதி, சாயங்காலம் மூத்தவரோடு உட்கார்ந்து பேச வேண்டியதுதான். கொடைக்கானலின் நாற்காலியும் காந்திகிராமத்தின் கூட வாழ்தலும் சேர்ந்த ஏற்பாடு இது. இதைத் தடுக்கும் விதி எதையும் நான் பார்த்ததில்லை. ஒரு வட்டாரத் திட்ட அலுவலரிடம் இதைச் சொன்னால் முதலில் வரக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும், அது நியாயமான கேள்வியும்கூட: அந்த ஒரு மாதம் புதியவரின் மையத்தில் உலை வைப்பது யார்?